உறையையும் சேர்த்து வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கவிஞர் காலமாகிறார். சில மாதங்கள் கழித்து வீட்டார் அவருடைய அலமாரியைத் திறக்கிறார்கள். உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம். கவிதையெல்லாம்தான் புத்தகமாக வந்துவிட்டதே, இந்த அடித்தல் திருத்தல்களை எதற்கு வைத்துக் காக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நூலகம் ஒன்றின் கையெழுத்துப் பிரதிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கதையைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அதுதான்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிற்றூரில் 1830இல் பிறந்தவர். பிறந்த அதே வீட்டில் 1886இல் இறந்தார். உயிரோடு இருந்தவரை அச்சேறிய கவிதைகள் பத்துப் பன்னிரண்டுக்குள்தான் இருக்கும், அவற்றிலும் பெயர் கிடையாது. எழுதி வைத்திருந்ததோ ஏறக்குறைய 1,800.

தான் போனபிறகு கடிதங்களை எரித்துவிடும்படி தங்கை லவீனியாவிடம் சொல்லியிருந்தார். தங்கையும் சொன்ன சொல் தட்டாமல் அக்காவுக்கு வந்திருந்த கடிதங்களை எரித்துவிட்டார். அப்புறம்தான் கவிதைகள் கண்ணில் பட்டன. தாள்களை மடித்து அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்துக் கட்டிய 40 சிறு கட்டுகள், அவற்றோடு ஏராளமான உதிரித் தாள்கள். நல்லவேளையாக லவீனியா அவற்றை நெருப்பில் போடவில்லை. அச்சில் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். எமிலிக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. எமிலி எழுதியவை பிழைத்தன. ஏனென்றால் அவை அவர் வீட்டிலேயே இல்லை, வாங்கியவர்களின் வீட்டில் இருந்தன. ஒருவர் எழுதிய கடிதத்தைத் தேடுகிறவர்கள் எழுதியவர் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை, அவருடைய நண்பர்களின் பரணைத்தான் தேட வேண்டும். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள்: கடிதம் இருப்பது வாங்கியவர் வீட்டில்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். 1862 ஏப்ரலில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத அவருக்கு எமிலி ஒரு கடிதம் போட்டார். கூடவே நான்கு கவிதைகள். என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா, பார்த்துச் சொல்ல உங்களுக்கு நேரமுண்டா என்று ஒரு கேள்வி. கடிதத்தின் கீழே கையெழுத்து இல்லை. சரி, யார்தான் எழுதியது? பெரிய உறைக்குள் இன்னொரு சின்ன உறை இருந்தது. அதைத் திறந்தால் ஓர் அட்டை. அந்த அட்டையில் பெயர், அதுவும் மையில் இல்லை, பென்சிலில்.

அச்சான கடிதத் தொகுப்பில் இது ஒரு சிறு கடிதம், அவ்வளவுதான். அரைப் பக்கம் வருமா என்பதே சந்தேகம். அந்த ஒளிந்து விளையாட்டு முழுக்க உறையில்தான் இருக்கிறது. பெயரை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்துவிட்டு, ஆனால் சொல்லாமலும் விடாத ஒரு மனுஷி! இதை எந்த வாழ்க்கை வரலாறும் இத்தனை கச்சிதமாகச் சொல்லிவிடாது. ஹிக்கின்சன் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவை இன்று பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் கையெழுத்து எப்படி இருந்தது என்பதையும் அவரே பின்னாளில் எழுதினார்: அந்த ஊர் அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன பறவைக் காலடித் தடங்கள் உண்டு, அவற்றைப் பார்த்துத்தான் எழுதப் பழகினாரோ என்று தோன்றியதாம்.

உறை என்றதும் என் பழைய புலம்பல் ஒன்று வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்குக் கடிதங்களைக் கொடுக்க வருகிறவர்கள் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்வார்கள். கடிதங்களை வெளியே எடுத்து, நீவி, தேதிவாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய தபால் உறைகளைக் குப்பையில் சேர்த்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்ளே பிரித்தால் பாதிக் கடிதங்களில் ‘வியாழன் இரவு’ என்று மட்டும் இருக்கும். எந்த வியாழன், எந்த வருஷம்? தபால் முத்திரை சொல்லியிருக்கும். எங்கிருந்து எழுதினார், எந்த முகவரிக்குப் போய், அங்கே ஆளில்லாமல் எந்த முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது, எல்லாம் உறை சொல்லியிருக்கும். அதைத்தான் தூக்கிப் போட்டாயிற்றே! கோபித்துக்கொள்ளவும் முடியாது, அத்தனை அன்போடு அடுக்கியிருப்பார்கள்.

எமிலியோ உறைகளின் மேலேயே கவிதை எழுதினவர். வந்த தபால் உறையைக் கிழித்து விரித்து, உட்புறத்தில் பென்சிலால் எழுதுவார். விரித்த உறை சதுரமாக இருக்காது, மூடி ஒரு பக்கம் கூம்பி நிற்கும். அந்தக் கூம்பும் இடத்துக்கு வரும்போது வரியும் சுருங்கிச் சுருங்கி இரண்டு சொல், ஒரு சொல் என்று இறங்கும். சிலவற்றில் தாளைத் திருப்பி வைத்துச் சாய்வாக எழுதியிருப்பார். சாக்லேட் சுற்றிய தாளின் பின்புறம்கூட ஒரு கவிதை உண்டு. இந்த உறைகளில் பெரும்பாலானவை ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் உள்ளன. ‘சுத்தப்படுத்தும்’ ஆள் யாராவது அந்த வீட்டில் இருந்திருந்தால் அவை கதி என்ன?

முதல் தொகுப்பு 1890இல் வந்தது. மேபல் லூமிஸ் டாட் என்ற பெண்மணியும் நம் ஹிக்கின்சனும் பதிப்பாசிரியர்கள். அவர்கள் சீப்பெடுத்து வாரிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எமிலி கோடு கோடாகப் போட்ட இடங்களில் காற்புள்ளி வந்தது, இல்லாத தலைப்புகள் முளைத்தன, இயைபு சரியில்லையென்று சொற்களே மாறின. இதைவிடப் பெரிய விஷயம், கையெழுத்துப் பிரதியில் சில சொற்களின் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கும். அடியில் அதே குறி போட்டு, அந்த இடத்துக்கு ஆகக்கூடிய வேறு சொற்கள். எது வேண்டும் என்று அவர் முடிவே செய்யவில்லை. அச்சுக்கோ ஒன்றுதான் வேண்டும். மற்றவை நெடுங்காலம் வாசகர் கண்ணுக்கே எட்டவில்லை. 1955இல் தாமஸ் ஜான்சன் மூலப் பிரதிகளைப் பார்த்துப் பதிப்பித்தபோதுதான் அவை பரவலாகத் தெரியவந்தன.

அந்தக் கட்டுகளையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள்? ரால்ஃப் ஃபிராங்க்ளின் என்பவர் உட்கார்ந்து, ஊசித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஒரு தாளின் கறை அடுத்த தாளில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பழைய வரிசையை மீட்டார். 1981இல் அது நிழற்படப் பதிப்பாக வந்தது. எப்படிப் பொருத்தினார் என்பதைப் படம் போட்டால்தான் விளக்க முடியும், வானொலியில் வேண்டாம். கறையும் துளையும் சாட்சி சொல்லின, அது போதும்.

இன்னொன்று: குடும்பச் சண்டையில் பிரதிகள் இரண்டு பங்காகி, ஒரு பங்கு 1950இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் மற்றொன்று 1956இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கும் போனது. 2013இல் இணையத்தில்தான் இரண்டு பங்கும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்தன.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உரிமை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு கவிஞர் எழுதிய கடிதத்தின் காகிதம் உங்களுடையது. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை அவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. பாரதியின் எழுத்துகளைச் சென்னை அரசு 1949இல் விலைக்கு வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கியது எல்லாக் கவிஞர்களுக்கும் வாய்க்கிற காரியமில்லை. ஆகவே நூலகத்துக்குக் கொடுக்கும்போது காகிதத்தை மட்டும் கொடுக்கிறீர்களா, வெளியிட அனுமதி யார் தர வேண்டும் என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்வரை ரப்பர் வளையம் வேண்டாம், குண்டூசி வேண்டாம், வரிசையைக் கலைக்க வேண்டாம். கடிதத்தில் வரும் ‘ராஜு’ யார், ‘பெரியம்மா’ யார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். உறையை மட்டும்... அதைத்தான் சொல்லிவிட்டேனே. நன்றி, வணக்கம்.