அந்த ஸ்டூலை யார் கேட்பது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'இன்றைய வேலை உலகத்துக்குத் தொழிற்சங்கம் தேவையா?' என்பது தலைப்பு. தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அந்தக் காலத்தில் சட்டம் இல்லை, சங்கம் வேண்டியிருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கொடியும் கோஷமும்?" என்றார். கைத்தட்டலும் வாங்கினார்.

சரி, சட்டத்தைப் பற்றியே பேசுவோம்.

என் சித்தி பதினோரு வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டவர். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். கடையில் ஆளே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவார். பாத்ரூம் போகவும் அனுமதி கேட்க வேண்டுமே என்று மத்தியானம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார். இரவு வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி நீலமாகத் தெரியும். தீபாவளி மாதத்தில் செருப்பு காலில் நுழையாது.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எதிரணி சொல்லும் சட்டம் இதுதான். இது எங்கிருந்து வந்தது? கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது. அதற்கும் முன்னால், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் கழிப்பறைகூட இல்லாமல் தவித்த பெண்களை, விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற பெயரில் சேர்த்தார். பழைய சங்கங்கள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. அதற்காக அந்தப் பெண்கள் சங்கமே வேண்டாம் என்று போய்விடவில்லை, தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார்கள். உட்காரும் உரிமைக்காகத் திருச்சூரில் கடை வாசலில் நடந்த போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் சென்னையிலும் இதே கதைதான். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தொழிலாளர் தலைவர்களான திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் நின்று வளர்த்தார்கள். மில் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய், தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாது என்று சங்கத் தலைவர்களுக்கே தடை வாங்கியது. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கோரிக்கைதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை கொண்டுபோனது. சங்கம் முதலில் வந்தது நடுவர் அவர்களே, சட்டம் பின்னால் வந்தது.

இனி, வந்த சட்டம் என்ன ஆனது என்று கேளுங்கள். சித்தியின் கடையிலும் ஸ்டூல் வாங்கினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி குடோனில் வைத்தார்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் கவுன்டருக்கு வரும், மறுநாள் திரும்பிப் போய்விடும். ஒரு நாள் கால்வலி தாங்காமல் சித்தி போய்க் கேட்டார். "வயசாயிடுச்சும்மா, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அந்த மாதத்தோடு வேலை போனது. கூட வேலை பார்த்த பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனித்தனியாக நிற்கிறவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

சட்டம் இருந்தது. கோர்ட்டும் இருந்தது. "இவங்க மட்டும் இல்ல, நாங்களும்தான் கேட்கிறோம்" என்று சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. அன்று அவர் யாரிடம் போயிருக்க வேண்டும்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.