பயமுறுத்தும் பாஸிடம் பிரச்சினையைச் சொல்வது எப்படி?

[திரையில்: மூடுபனி சூழ்ந்த ஓடுபாதை]

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையம். கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையில் வேகமெடுக்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 இருக்கிறது. மூடுபனியில் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை.

கேஎல்எம் விமானத்தில் விமானிகளோடு உட்கார்ந்து இயந்திரங்களைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியருக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. "அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேப்டன் கேஎல்எம்மின் 747 விமானிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்குத் தகுதித் தேர்வு வைத்தவரும் அவர்தான். மூடுபனி, ரேடியோக் குழப்பம் என்று விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்தக் கேள்விதான். பெரிய ஆளிடம் பேசும்போது ஆபத்துகூடக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

[திரையில்: அலுவலக மீட்டிங் அறை]

நம் ஆபீஸிலும் இது தினமும் நடக்கிறது. "சார், வெள்ளிக்கிழமை கொஞ்சம் கஷ்டமா இருக்குமோன்னு தோணுது..." பாஸ் நிமிர்ந்து பார்க்கிறார். "இல்ல சார், பாத்துக்கலாம்." அவ்வளவுதான். உண்மையில் என்ன பிரச்சினை என்று அவருக்குத் தெரியவே இல்லை.

இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, விமானி அறையில் இருப்பவர்கள் குழுவாகச் செயல்படுவது பற்றி 1979-இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு இதற்கென்று பயிற்சியே தொடங்கியது. கேப்டனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்று விமானத் துறையில் ஒரு வரிசை உண்டு. அதை நம் வெள்ளிக்கிழமைக்குப் பொருத்திப் பார்ப்போம். அன்று ஒரு சாஃப்ட்வேர் வெளியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், இந்த ரிலீஸ் பத்தி எனக்குக் கவலையா இருக்கு. பேமென்ட் பகுதிக்கு டெஸ்டிங் இன்னும் முடியல. திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம். உங்களுக்குச் சரியா சார்?"

முதலில் அவரை அழைக்கிறோம். கவலையைச் சொல்கிறோம், பிரச்சினையைச் சொல்கிறோம், வழியும் சொல்கிறோம். கடைசியில் ஒப்புதல் கேட்கிறோம். மரியாதை எங்கேயும் குறையவில்லை, பாருங்கள். பலரும் விட்டுவிடுவது அந்தக் கடைசிக் கேள்வியை. அதைக் கேட்டால்தான் பாஸ் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

அவர் கத்தினால்? முடிக்கட்டும். உங்கள் தரப்பை நியாயப்படுத்தத் தொடங்காதீர்கள், பேச்சு திசை மாறிவிடும். "புரியுது சார். ஆனா பேமென்ட் பகுதி இன்னும் டெஸ்ட் ஆகல" என்று அதே தொனியில் மறுபடி சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்; தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்புறம், பேசியதை இரண்டு வரியில் மெயில் போட்டுவிடுங்கள்.

ஆனால் கெட்ட வார்த்தை, மிரட்டல், அவமானம் என்று போனால், அதைப் பேச்சுத் திறமையால் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது இல்லை. தேதி போட்டுக் குறித்து வையுங்கள், எச்.ஆர்-இடம் எழுத்தில் கொடுங்கள்.