பாத்திக்கு ஓர் ஆள், வார்டுக்கு ஒரு தோட்டம்

(சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, வேறு நிகழ்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தோட்டக்கலைத் துறை அலுவலர் அவர்களே, நம் தோட்டத்துக் கீரையும் காயும் போய்ச் சேரும் முதியோர் இல்லத்துச் சமையலறையைக் கட்டிக்காக்கும் அக்கா அவர்களே, தன்னார்வத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். சென்ற கோடையில் நம் தோட்டத்துக்குத் தண்ணீர் லாரி வர வழிசெய்தவர் மாமன்ற உறுப்பினர் அம்மா. அதை இந்த மேடையில் சொல்லாமல் விட்டால் நன்றிகேடு. அலுவலர் அவர்களோ விடுமுறை நாளில் வந்து, பழ ஈ குத்திய சுரைப்பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தவர்.

இல்லாதவர்களுக்கென்று காய்கறி விளைவிக்கும் தோட்டத்துக்கு மூன்று வேண்டும்: ஆள், தண்ணீர், நிலம். ஆளையும் நிலத்தையும் நான் பேசுகிறேன்.

“உடையவன் பாராப் பயிர் உருப்படாது” என்பார்கள். தன்னார்வத் தோட்டத்தில் உடையவன் யார்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும். புதன்கிழமை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருக்க மாட்டார்கள். கீரைக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதானே!

ஒரு ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து வேன் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், புதுக் கையுறை. களை எடுக்கிறோம் என்றார்கள். சரி என்றோம். என்ன வேகம்! ஒரு மணி நேரத்தில் பாத்தியைத் துடைத்து வைத்தாற்போல ஆக்கிவிட்டு, “முடிந்தது சார்!” என்று வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால், களையோடு மணத்தக்காளிச் செடி அத்தனையும் வேரோடு வரப்பில் கிடக்கிறது! பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அது கீரை என்று சொல்ல அந்தப் பாத்திக்கு ஆள் இல்லை. அப்போது எதிரே பூக்கட்டும் ஆயா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து இலையை எல்லாம் ஆய்ந்து முறத்தில் குவித்தார். “வாய்ப்புண்ணுக்கு இது நல்லதுப்பா, கூட்டு வைக்கச் சொல்லு” என்று இல்லத்துக்கு அனுப்பினார். பனியன் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து இலை ஆய்ந்தார்கள். அந்த வேரில் தேறியதை மாலையில் ஆயாவே நட்டுத் தண்ணீர் தெளித்தார். இன்று அந்தப் பாத்தி அவருடையது. அவரைக் கேட்காமல் யாரும் கை வைக்க முடியாது. மற்றப் பாத்திகளுக்கும் அப்படியே ஒரு பெயர் எழுதி நட்டோம்.

என்ன விதைப்பது என்பதைச் சமையலறைதான் முடிவு செய்கிறது. நான்கு வகைக் கீரையில் நாலு நாலு கட்டு போனால் அக்காவுக்குச் சுமைதான். ஒரே கீரை, எல்லோருக்கும் போதுமான அளவு, காலை ஏழு மணிக்குள் மண் அலசிப் போக வேண்டும். பல் இல்லாத பெரியவர்களுக்குக் கொத்தவரங்காய் எதற்கு? சுரை, பீர்க்கு, பூசணி போடுங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தர நம் ஊரில் ஆள் உண்டு, கீரை தர ஆள் குறைவு.

தண்ணீர் பற்றி அலுவலர் அவர்கள் பேசுவார். நான் நிலத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் தோட்டம் இருக்கும் மனை, ஒரு நண்பர் வாய்வார்த்தையாகத் தந்தது. நாளையே வீடு கட்ட அவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் மாதத்தில் அறுக்கிற கீரையும், சில மாதத்தில் ஓய்கிற கொடியும் மட்டும் போடுகிறோம். வருடக்கணக்கில் இலையும் காயும் தரும் முருங்கையை நட மனம் துணியவில்லை. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்றால், பார்க்கிறவனுக்கு நிலத்தில் ஒரு பிடிமானம் வேண்டாமா?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள் 10 விழுக்காட்டைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கான திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த இடங்களில் முள்மண்டிக் கிடப்பவை எத்தனை! இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டமே, மக்கள் கேட்டால் தோட்டத்துண்டு தருவதை உள்ளாட்சியின் கடமை ஆக்கியது. சோவியத் உதவி நின்று கியூபா பசியில் வாடியபோது, ஹவானாவின் காலி மனைகளைப் பயிரிட மக்களுக்குக் கொடுத்தார்கள். நிலம் அரசுடையது, விளைச்சல் பாடுபட்டவருடையது. நாங்கள் கேட்பதும் அதுதான். பட்டா கேட்கவில்லை. வார்டுக்கு ஓர் ஒதுக்கீட்டு இடத்தில் பூங்காவோடு ஒரு மூலை, மூன்றாண்டு எழுத்து ஒப்பந்தம், ஒரு தண்ணீர் இணைப்பு.

மாமன்ற உறுப்பினர் அம்மா, மனு தலைவர் ஐயா கையில் இருக்கிறது. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை நீங்கள் எழுப்ப வேண்டும். மற்றவர்கள் வாசலில் உள்ள மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.