பத்து எழுத்து, இரண்டே அசை: கப்பலில் ஒரு சொல்

(திரையில்: எஃப், ஓ, ஆர், ஈ, சி, ஏ, எஸ், டி, எல், ஈ)

வணக்கம். கப்பல் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கண்டவுடன் "ஃபோர்காஸ்டில்" என்றுதான் வாசிப்பார்கள். எழுத்து அப்படித்தானே இருக்கிறது! கப்பலில் இதைச் சொல்லுவது "ஃபோக்ஸல்" என்று.

அசையை எண்ணுவோம். யாப்பிலக்கணத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம்: "கட" நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு. அங்கே உயிரொலி ஒன்றுக்கு அசை ஒன்று. ஆக, ஃபோக், ஸல். அழுத்தம் முதல் அசையில். "ஸல்" என்பதில் அகரத்தை வாய் திறந்து சொல்லாதீர்கள். பட்டும் படாமலும் வந்தால் போதும்.

(திரையில்: எழுத்துகள் மறைந்து, அந்த இடங்களில் மேல்கொமா விழுகிறது)

மிச்ச எழுத்துகள் எங்கே? "ஃபோ"வுக்குப் பிறகு ஆரும் ஈயும் போய்விட்டன, ஒரு மேல்கொமா. சிக்குப் பின் ஏ போனது, இன்னொன்று. எஸ்ஸுக்குப் பின் டி. அது "காசல்" என்ற சொல்லிலேயே ஊமைதான். மூன்று மேல்கொமா போட்டு இப்படியே எழுதுகிறவர்களும் உண்டு. பார்க்க அச்சுப்பிழை மாதிரி இருக்கும், ஆனால் சரி.

அப்புறம், பொருள். ஃபோர் என்றால் முன், காசல் என்றால் கோட்டை. ஊர்காவற்றுறைக்கு எதிரே நிற்கிற கடற்கோட்டையை நினைத்துவிடாதீர்கள், அது கல். இது மரம். இடைக்கால ஐரோப்பியப் போர்க்கப்பலின் முன்னும் பின்னும் உயரமாக மேடை கட்டுவார்கள். வில்லாளர் அதில் ஏறி நின்று, எதிரிக் கப்பலின் தளத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி எய்வார்கள். பீரங்கி வந்தபின் மேடை தாழ்ந்தது, பெயர் தங்கிவிட்டது. பிறகு பாய்க்கப்பல்களில் சாதாரண மாலுமிகள் படுத்து எழும்பியது இங்கேதான். கப்டனும் அதிகாரிகளும் பின்பக்கம். இன்றைய சரக்குக் கப்பலில் நங்கூரச் சங்கிலியும் அதை இழுக்கும் விண்ட்லஸும் இருக்கிற முன்தளம் இது. நம் கடற்கரையில் அணியம் என்போமே, அந்தப் பக்கம்.

வல்வெட்டித்துறையில் கட்டிய "அன்னபூரணி" என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவில் போய்ச் சேர்ந்த துறைமுகத்தின் பெயரும் இதே சாதி. எழுத்தைப் பார்த்தால் "குளோசெஸ்டர்", வாயில் "குளொஸ்டர்". மூன்று அசை இரண்டாகிவிட்டது.

(திரையில்: மேலும் இரண்டு சொற்கள்)

"போட்ஸ்வெய்ன்" என்று எழுதியிருக்கும், தளவேலையை மேய்க்கிற மாலுமி; சொல்வது "போசன்". "கன்வேல்", வள்ளத்தின் பக்கவாட்டில் மேல்விளிம்பு. சொல்வது "கனல்", "டனல்" மாதிரி. வேல் என்பது தடித்த பக்கப்பலகை. பீரங்கி அதன்மேல் இருந்ததால் "கன்" சேர்ந்தது.

வாய்மொழிப் பரீட்சைக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ஃபோக்ஸல், போசன், கனல்.