கூப்பிடுவார்களா?

(2025 படைவீரர் கொடி நாள் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ரெண்டு வரியை இப்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹானரரி கேப்டன் அண்ணாச்சி அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களே, ஒன்றியத் தலைவர் அவர்களே, அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்திலும் மண்டபத்துச் சாவியை நம்மிடம் தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, போன வருஷம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்த சவுண்ட் சர்வீஸ் தம்பி அவர்களே (இந்தத் தடவை சொல்லிவிட்டு அணைக்கவும்), கணவரை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு முன் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் துண்டு போட்டார்கள். நல்லது, துண்டுதான் உபயோகப்படும்.

இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற நம்மைத் திரும்பக் கூப்பிடச் சட்டத்தில் இடமிருக்கிறதா? ரெண்டு, நிஜத்தில் கூப்பிடுவார்களா? மூன்று, நாலு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்தில் சேரும் அக்னிவீர் பிள்ளைகள் வெளியே வந்த பிறகு இது என்ன ஆகும்?

இந்தப் பேச்சு ஏன் வந்தது தெரியுமா? 2025 மே மாதம் 9-ஆம் தேதி சாயங்காலம். ஆபரேஷன் சிந்தூர் ஆரம்பித்து மூன்றாம் நாள். டெரிட்டோரியல் ஆர்மியை, அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே தேவைப்படும்போது சேவைக்கு வரும் பகுதிநேரப் படையை, அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 என்பது கணக்கு. அவ்வளவுதான் செய்தி. நம்ம ஊர் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் அது ‘ஓய்வு பெற்ற எல்லோரும் உடனே ரிப்போர்ட் செய்யவும்’ என்று ஆகிவிட்டது.

நம் சுபேதார் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். பெயர் சொன்னால் எழுந்து சல்யூட் அடிப்பார், அதனால் சொல்லவில்லை. வயது 68. அன்று ராத்திரியே பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்கியது. வெள்ளைப் பெயின்டில் எழுதிய நம்பர் பாதி உதிர்ந்திருக்கிறது; பேரனின் டிராயிங் பிரஷ்ஷை வாங்கி உட்கார்ந்து அதைத் திருத்தியிருக்கிறார். பூட்ஸுக்குப் பாலிஷ். பெல்ட்டைப் போட்டுப் பார்த்தால் கடைசி ஓட்டைக்கும் கொக்கிக்கும் நடுவே நாலு விரல்கடை! ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புது ஓட்டை போடலாம்தான். போடுவதற்கு பெல்ட் மிச்சம் இருக்க வேண்டுமே? மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்களாம்: “ரேஷன் கடையில அஞ்சு கிலோ அரிசி தூக்க முதுகு வலிக்குன்னு சொன்ன மனுசன், இப்ப பார்டருக்குப் பெட்டி தூக்குதாராக்கும்!”

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்ட். கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் போடணும் என்கிறார். இவர், “தம்பி, நான் யுத்தத்துக்குப் போறேன்” என்கிறார். “யுத்தத்துக்குப் போனாலும் பெட்டிக்கு டிக்கெட் உண்டு சார்.” இந்த வழக்கில் ரெண்டு பஸ் போய்விட்டது. டீக்கடையில் உட்கார்ந்து மூன்றாவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டிவியில் ஓடுகிறது: மாலை 5 மணி முதல் சண்டை நிறுத்தம். அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்து, கடைக்காரரிடம், “கேள்விப்பட்டிருப்பானுவ, நான் கிளம்பிட்டேன்னு” என்றாராம்.

சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார். ஆனால் எழுபதை நெருங்கும் ஒரு மனுசன் பெட்டியோடு கிளம்பினார் பாருங்கள், அதை நான் சிரிப்போடு விட மாட்டேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1888-ஆம் வருஷத்து இந்திய ரிசர்வ் படைச் சட்டம் என்று ஒன்று உண்டு. விமானப்படைக்கு 1952-இல் தனிச் சட்டம். நம்மில் பலர் சேரும்போதே, இத்தனை வருஷம் பணி, அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் ரிசர்வ் என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான். அந்தக் காலத்துக்குள் ஓலை வந்தால் போயாக வேண்டும். அது முடிந்துவிட்டால் யாரும் இழுத்துப் போக மாட்டார்கள். விருப்பப்பட்டால் ராணுவ இடங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி.யில் சேரலாம், அதற்கும் வயதும் மெடிக்கலும் உண்டு. டெரிட்டோரியல் ஆர்மி வேறு. 1949-இல் நம் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கி வைத்தது. அதற்கென்று தனியாகச் சேர்ந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

நிஜத்தில் கூப்பிடுவார்களா? பட்டாளமே பெரிது. நேற்று வந்தவனை விட்டுவிட்டு, இருபது வருஷத்துக்கு முந்தி ரேடியோ செட் பிடித்தவனை எதற்குத் தேடப் போகிறார்கள்? ஆனால் வேறு விதமாகக் கூப்பிட்டார்கள். அதே மே மாதம் ஜம்மு காஷ்மீரில் மின்நிலையம், பாலம் போன்ற இடங்களைக் காவல் காக்க முன்னாள் வீரர்கள் 4,000 பேரைத் தொண்டர்களாகக் கண்டெடுத்தார்கள். இனிமேல் அழைப்பு வந்தால் இப்படித்தான் வரும் என்பது என் கணக்கு. ராத்திரி முழுக்க ஒரு பாலத்தடியில் நிற்க வேண்டும். அதற்கு முழங்கால் வேண்டும்.

இங்கேதான் என் பழைய பழமொழி வருகிறது. பின் வரிசையில் சிரிக்கிறார்கள், தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம். பணியில் இருந்தபோது நாம் ஷேப்-ஒன், அதாவது மெடிக்கலில் முழுத் தகுதி. இப்போது? இந்த மண்டபத்தில் சர்க்கரை இல்லாதவர் கை தூக்குங்கள். ஆறு பேர். அதில் ரெண்டு பேர் டெஸ்ட் எடுக்காதவர்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-இல் வந்தது. நாடு முழுக்க 400-க்கு மேல் பாலிகிளினிக் இருக்கிறது. நம் வட்டத்தில் ஒன்றும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு நான் காலை 5:40 பஸ்ஸைப் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, டோக்கன் வாங்கி, ‘இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, செவ்வாய்க்கிழமை வாங்க’ என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறேன். அங்கே இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்கள்? போன மாதம் என்னோடு வந்த ஒரு அம்மாவுக்கு வயது 81. பஸ் படி ஏற நான் ஒரு கை, கண்டக்டர் ஒரு கை. அவர்கள் வீட்டுக்காரர் 1971-இல் சண்டை போட்டவர்.

ஆகவே உதவி இயக்குநர் அவர்களே, எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம். அதற்கு முன் சுவரைப் பூசிக் கொடுங்கள். புதுக் கட்டடம்கூட வேண்டாம். வாரம் ரெண்டு நாள் ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், ஒரு வேன் வந்தால் போதும். நிற்பதற்கு இந்தப் பள்ளிக்கூட மைதானத்தையே தலைமையாசிரியை அம்மா தருவார்கள். தலையாட்டிவிட்டார்கள், நன்றி.

மூன்றாவது விஷயம், அக்னிவீர். நாலு வருஷம் முடித்தவர்களில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். முதல் அணி 2026 கடைசியிலிருந்து வெளியே வரும்போது மற்றவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. இதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். ஆனால் சவுண்ட் சர்வீஸ் தம்பி சீட்டு அனுப்பிவிட்டார், சாப்பாடு ஆறுகிறதாம்.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தக நகல் வேண்டாம், பெயரும் சர்வீஸ் நம்பரும் போதும். சுபேதார் அண்ணாச்சிதான் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். நம்பர் மறந்துபோனவர்கள் அவரிடம் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.