பலாலி விமான நிலையமும் அதைச் சூழ்ந்த ஊர்களும்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலி விமான நிலையத்தைப் பற்றிப் பேசும்போது, வாரத்துக்கு எத்தனை விமானங்கள் வருகின்றன, அடுத்து எந்த நகரத்துக்குச் சேவை தொடங்கப் போகிறார்கள் என்ற கேள்விகளே பெரும்பாலும் எழுகின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் அந்த ஓடுபாதை எந்த ஊர்களின் நடுவே கிடக்கிறது, அந்த ஊர்கள் அதற்காக எதை இழந்தன, அதனால் எதைப் பெற்றன என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு முழுமையாகும். அந்தக் கணக்கையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை இந்தத் தளத்தை அமைத்தது. கடற்கரையை அண்டிய மேடு பள்ளமற்ற நிலம் அது. வடகிழக்கு தென்மேற்காக நீளும் ஓடுபாதை மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றையும் கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றையும் ஏறத்தாழ நேர்முகமாக எதிர்கொள்கிறது. காற்றை எதிர்த்து ஏறுவதும் இறங்குவதுமே விமானத்துக்கு உகந்தது என்பதால், இடத்தின் தேர்வு நல்ல தேர்வே. போர் முடிந்த பின் அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டபோது, இடையில் காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலித் தளத்தில், இறங்கித்தான் கடலைக் கடந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள்கூட இல்லாத காலம் அது. இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்தில் வடக்குக்கு இருந்த இடம் எவரும் பின்னாளில் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல, தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதை இளையவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பிறகு யுத்தம் வந்தது. தளம் படைத்தளமாயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். மயிலிட்டி, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், பலாலி என்று ஊர் ஊராக, மக்கள் நுழைய முடியாதபடி படையினர் அடைத்து வைத்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் விளைவித்த கமக்காரர்களும், வடகடலில் வலை வீசிய கடற்றொழிலாளர்களும் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார்கள். தரைவழி அடைபட்ட காலங்களில், குறிப்பாக குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட பின், குடாநாட்டிலிருந்து வெளியே செல்லக் கப்பலையும் இந்த விமானத்தளத்தையும் விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அதற்கும் படையினரின் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1998 செப்டெம்பர் 29 அன்று இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்ந்து, அதிலிருந்த ஐம்பத்தைந்து பேரும் மாண்டார்கள். அவர்களை நினையாமல் பலாலியின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது.

2019 ஒக்டோபர் 17 அன்று இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னைக்கு ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் கொவிட் தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசெம்பரில்தான் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது.

இந்தச் சேவையின் பெறுமதியை அறிய, அது இல்லாதபோது பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால் போதும். வடக்கே இருக்கும் சென்னைக்குச் செல்ல வேண்டிய ஒருவர், முதலில் தெற்கே ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடைந்து, அங்கிருந்து தன் வீட்டுப் பக்கமாகவே திரும்பிப் பறந்து போக வேண்டியிருந்தது. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு அந்த இரவுப் பயணமே ஒரு தண்டனை. இன்று ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை. சிதம்பரத்துக்கு வழிபடச் செல்வோரும், கலியாணச் சேலை எடுக்கச் செல்லும் குடும்பங்களும், கனடாவிலிருந்து சென்னை வழியாகத் தாய்வீட்டுக்கு வரும் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். தமிழக முகாம்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஏதிலிகளாக வாழ்ந்தவர்கள் ஊர் திரும்பும் வாசலும் இதுவே. 2025இல் அவ்வாறு திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுச் சென்றார் என்பதற்காக இதே நிலையத்தில் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி என்னை மிகவும் வருத்தியது. உயிர் தப்பப் படகேறியவரிடம் குடியகல்வு முத்திரை எங்கே என்று கேட்பது நீதியாகாது. இதற்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வழியாகவே நிரந்தரத் தீர்வு காண வேண்டும்.

ஆனால் வர்த்தகத்தைப் பொறுத்தவரை நாம் எதிர்பார்த்தது இன்னும் நடக்கவில்லை. இங்கு வருபவை எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏ.ரி.ஆர். வகைச் சிறிய விமானங்கள். பயணிகளின் பொதிகளை ஏற்றிய பின் சரக்குக்கு அவற்றில் அதிக இடம் மிஞ்சாது. ஆகவே நம் கடலின் நண்டு இன்றும் பனிக்கட்டியோடு வீதி வழியாகத் தெற்கே போய்த்தான் வெளிநாடு செல்கிறது. பெரிய விமானங்கள் வந்தால் இது மாறும் என்கிறார்கள். மாறும். அதற்கு ஓடுபாதையை வலுப்படுத்தவும் நீட்டவும் வேண்டும். நீட்டுவதற்குக் காணி வேண்டும். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

யுத்தம் முடிந்த பின் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் வந்தது. பலாலி வசாவிளான் வீதி 2025 ஏப்ரலில், அதுவும் கட்டுப்பாடுகளோடு, திறக்கப்பட்டது. காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் கிணற்றடியைக் காண முடியாதவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், அபிவிருத்திக்காக இன்னும் சில பரப்புகளை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. படைத்தேவைக்கென்று பிடித்து வைத்திருக்கும் நிலத்தில் எவ்வளவு உண்மையில் விமானச் சேவைக்குத் தேவை என்பதை முதலில் அரசு வரைபடத்தோடு வெளியிடட்டும்.

நீரையும் மறந்துவிடலாகாது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. நமக்கு வற்றாத ஆறு இல்லை, கிணறுதான். நிலத்தில் சிந்துவது அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாக விரைவில் நன்னீரைச் சென்றடையும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தபோது நாம் பட்டது போதும். எரிபொருள் சேமிப்பை விரிவாக்கும் எந்தத் திட்டமும், சுற்றியுள்ள கிணறுகளை ஒழுங்காகச் சோதித்து, பெறுபேறுகளைத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி தமிழில் வைக்கும் ஏற்பாட்டோடுதான் தொடங்க வேண்டும்.

நிலையம் வளர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. விரிவாக்கத்துக்கான அடுத்த நில அளவை நடக்கும் முன், அந்தக் காணிகளின் உறுதிகாரர்களை, வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்பட, பெயர் சொல்லி அழைத்துக் கூட்டம் கூட்டி, எஞ்சிய காணிகள் எந்தத் திகதியில் விடுவிக்கப்படும் என்பதை அதே கூட்டத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று, இங்கு வந்திருக்கும் அதிகாரிகளிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன்.