மதீனா சாலையில் நம் வண்டிகள்

(கானாவின் தலைநகர் அக்ராவில் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் துணைவியாரோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தூதரக அதிகாரி அவர்களே, பந்தல் செலவை ஏற்ற வணிகப் பெருமக்களே, இன்னும் அடுப்படியில் நிற்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள் நம் பெரியவர்கள். இதைச் சொல்லாமல் நான் மேடை இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கானாவின் சாலையோரப் பிள்ளைகளின் விளையாட்டு, உழைப்பு, படிப்பு மூன்றையும் பற்றிப் பேச வந்தேன்.

மாலையில் நம் அக்ராவின் புறநகரான மதீனா பக்கம் போனால் சிறுமிகள் ஆம்பே ஆடுவதைப் பார்க்கலாம். இருவர் எதிரெதிரே நின்று கைதட்டிக் குதித்து, இறங்கும்போது ஒரு காலை முன்னே நீட்டுவார்கள். யார் எந்தக் காலை நீட்டினார்கள் என்பதில்தான் வெற்றி. பையன்கள் பழைய டயரைக் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். அருகிலேயே அம்மா வாச்சே விற்பாள், சோறும் தட்டைப்பயறும் சேர்த்து வேகவைத்தது. பொட்டலத்துக்கு இலை எடுத்துக் கொடுப்பது மகள்.

உழைப்புக்கு வருகிறேன். ஒருநாள் சிக்னலில் என் வண்டி நின்றது. தலையில் பேசின் நிறையத் தண்ணீர் பாக்கெட்டோடு ஒரு சிறுமி வந்தாள். பத்து வயதிருக்கும். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டினேன். மீதியை எண்ணுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ட்ரோட்ரோ மினிபஸ்காரர் ஹாரனை அழுத்துகிறார், நான் கிளம்பிவிட்டேன். போகட்டும், சில்லறைதானே என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்க்கிறேன், ஓடி வருகிறாள்! தலையில் பேசின், ஒரு பாக்கெட்கூட விழவில்லை. லாரிக்கும் ட்ரோட்ரோவுக்கும் இடையில் புகுந்து, அடுத்த சிக்னலில் என்னைப் பிடித்து, மீதிக்காசை உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கைதட்டுகிறீர்கள். அவளுடைய நேர்மைக்கு அது தகும். ஆனால் அவள் எங்கே ஓடினாள் என்று எண்ணிப் பாருங்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1990இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இது. இங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இலகுவான வேலைக்கே 13 வயது ஆகியிருக்க வேண்டும்.

மதீனாவிலிருந்து அடென்டா போகும் சாலையில் நடைமேம்பாலங்கள் அரைகுறையாகப் பல ஆண்டுகள் கிடந்தன. 2018 நவம்பரில் ஒரு பள்ளி மாணவி வண்டி மோதி இறந்தாள். மக்கள் டயர் கொளுத்திச் சாலையை மறித்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. வெள்ளம் வருமுன் அல்லவா அணை போட்டிருக்க வேண்டும்?

பாலம் கட்டுவது அரசின் கையில் இருக்கிறது. பிரேக் நம் காலடியில் இருக்கிறது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், மக்கள் நடமாடும் இடங்களில் 30 கிலோமீட்டர் வரம்பைக் கேட்டது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். படிப்பை இன்னொரு நாள் பேசுகிறேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளி வாசலிலும் சந்தையிலும் 30ஐத் தாண்டமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வெளியே காத்திருக்கும் உங்கள் டிரைவர்களையும் உள்ளே அழைத்து வாருங்கள். கையெழுத்தும் போடட்டும், நம்மோடு உட்கார்ந்து பொங்கலும் சாப்பிடட்டும். நன்றி, வணக்கம்.